ஏழாம் அத்தியாயத்தின் பனி

எங்கள் அறையின் ஏ.சி. கடைசியாக ஒருமுறை செருமிவிட்டு அடங்கிப்போன ஜூன் மாதத்தில்தான், நான் படிக்கிற பக்கத்தில் என்ன பருவமோ அந்தப் பருவம் அறைக்குள்ளும் வரத் தொடங்கியது. ஓமன் நாட்டில் சோஹார் ஊரைத் தாண்டி, தொழிற்பேட்டையின் முதுகுப்பக்கம், வெயிலில் வெளுத்துப்போன தகரக் கூரைகளின் வரிசையில் எங்கள் தொழிலாளர் கேம்ப் இருந்தது. அதில் அடுக்குக் கட்டில்களும் ஒரே ஒரு ஜன்னலும் கொண்ட அறையில் நாங்கள் ஐந்து பேர், நனைத்த துண்டை மார்பில் போட்டுக்கொண்டு, காய்ந்ததும் எழுந்து நனைத்து மறுபடி போட்டுக்கொண்டு கிடந்த ஒரு சாயங்காலத்தில், நான் அட்டை கிழிந்த ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். அது மார்கழி மாதத்து மலை எஸ்டேட் ஒன்றில் விடியற்காலையில் தொடங்கியது. மூன்றாவது வரியில் என் விரல்கள் சில்லிட்டன. முதல் பக்கம் முடிவதற்குள் புத்தகத்தின் நடுத் தையலிலிருந்து மூடுபனி கிளம்பி, என் தலையணையைத் தாண்டி, கட்டில் காலைச் சுற்றி இறங்கி, சோற்றுப் பானையின் மூடிமேல் முத்து முத்தாகக் கோத்து நின்றது.

மேல்கட்டிலில் படுத்திருந்த சூசை, கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், வெல்டர், கண்ணைத் திறக்காமலே, "லேய், எவம்லே ஃப்ரிட்ஜத் தொறந்து போட்டது?" என்று கேட்டான். எங்கள் அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. எதிர்க்கட்டிலில் முருகையன் அண்ணன் கைலியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, அந்தக் கோடையில் முதல்முறையாகக் குறட்டை விட்டார். காலையில் எழுந்ததும் நால்வரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஏன், எப்படி, எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதை உள்ளது உள்ளபடி சொல்லவேண்டும். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "இன்னிக்கும் படிப்பியாடா?"

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பூவரசன், பெரம்பலூர் பக்கம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். அதனால் என் படிப்பு எனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்ற பயம் எப்போதும் உண்டு. அப்பாவும் அம்மாவும் வெங்காயக் காட்டில் கூலிக்குப் போய் என்னை பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்க வைத்தார்கள். அந்த இயற்பியலோடு நான் இங்கே டைம்கீப்பராக, யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று குறித்துக்கொண்டிருந்தேன். மனசு படபடக்கும்போது படிப்பேன். மனசு எப்போதும் படபடத்ததால் எப்போதும் படித்தேன். முறுக்கு மடித்து வந்த பழைய செய்தித்தாளைப் பிரித்து எண்ணெய்க் கறையைச் சுற்றிச் சுற்றிப் படிப்பேன். கொசுவர்த்திப் பெட்டியின் பின்பக்கத்தைப் படிப்பேன். ஊருக்குப் போகிறவர்கள் விட்டுப்போகிற நாவல்களை, முதலும் கடைசியும் இல்லாவிட்டாலும் படிப்பேன். ஆனால் பெருமைக்காரன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத்தான் படிப்பேன். ஊரில் நான் மறைத்துவைத்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான். இங்கே அதை வைத்துத்தான் ஒரு அறையே மூச்சு விட்டது.

அடுத்த வாரம் முழுக்கப் பரிசோதனை நடந்தது. துப்பறியும் கதையைப் படித்தால் என்ன செய்தாலும் விடாத ஒரு தூறல் வந்தது, கூடவே வேண்டாத ஒரு நாய்க்குரைப்பும். முன்னேற்ற நூல் ஒன்றைப் படித்தபோது காற்றே இல்லை. பேங்கு மேனேஜர் அறை மாதிரி ஒரு வாசனை மட்டும் வந்தது. நான் ரகசியமாகப் படித்துக்கொண்டிருந்த குரூப் டூ தேர்வு வழிகாட்டியைப் பிரித்தபோது அறை இன்னும் புழுங்கி, சிக்கந்தர் பாயின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தொண்டிக்காரரான அவர் எலெக்ட்ரீஷியன், எதையும் முறையாகச் சோதித்துப் பார்க்கிறவர். செய்தித்தாளைக் கொண்டுவந்து வானிலை அறிக்கையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அதற்கு மட்டும் எதுவும் வரவில்லை. "நெனச்சேன்" என்றார் பாய். மற்றவர்கள் எடுத்துப் படித்தபோதும் எதுவும் வரவில்லை. நான் படித்தால்தான் வந்தது. கடைசியில், முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, ஏழாம் அத்தியாயமே உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று அறை ஒருமனதாக முடிவுசெய்தது. சாப்பாடு முடிந்ததும் ஒருமுறை படித்தால் விடியும்வரை தாங்கும்.

கேம்ப்பில் ஒரு விஷயம் ஒரு அறையில் நிற்காது. பக்கத்து அறை நேபாளிகள் வாசலில் வந்து உட்கார்ந்து, உள்ளே பார்த்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போனார்கள். மெஸ் சமையல்காரர் தயிர் வாளியைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தார்; எங்கள் அறையில் தயிர் புளிக்கவில்லை, ஆனால் இட்லி மாவும் பொங்கவில்லை என்பதால் அதை மட்டும் திருப்பி எடுத்துப்போனார். கேம்ப் பாஸ் வர்கீஸ் சேட்டன் ஒருநாள் எட்டிப் பார்த்தார், கையை நீட்டிப் பனியைத் தொட்டார், மூக்கை உறிஞ்சினார். நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கில் கெட்டிக்காரர். மறுநாள் நாங்கள் வேலைக்குப் போயிருந்தபோது செத்துக்கிடந்த எங்கள் ஏ.சி.யைக் கழற்றி எடுத்து, ரிப்பேர் பண்ணி, ஸ்டோர்க்காரர்கள் அறையில் மாட்டிவிட்டார். கேட்கப் போனோம்.

"நிங்களுக்கு எதுக்கு ஏ.சி.? நிங்களுக்கு நாவல் உண்டல்லோ" என்றார்.

ஏ.சி. இருந்த ஓட்டையில் பிளைவுட் பலகை அடித்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு ஏழாம் அத்தியாயத்தை விட்டால் வேறு கதி இல்லை.

வேலூர் பக்கத்து டில்லிபாபுவுக்குத்தான் முதல் சிக்கல் வந்தது. அவன் கிரேனில் சுமை கட்டிவிடும் ரிக்கர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தினமும் சாயங்காலம் வீடியோவில் மனைவியோடு பேசுகிறவன். மங்கிக்குல்லா போட்டுக்கொண்டு, பின்னால் மூடுபனி தவழ, வாயில் ஆவி பறக்க அவன் "சாப்ட்டியா?" என்று கேட்டதும் அந்தப் பெண் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள்.

"இன்னாங்க, எங்க கீறீங்க?"

"எங்கன்னா? ஓமன்லதான்."

"ஓமன்ல ஆடுமாடுகூட வெயில் தாங்காம சாவுதுன்னு போன வாரம் சொன்னீங்க. இன்னிக்கி குல்லா போட்டுக்கினு கீறீங்க. ஊட்டிக்கி யாரைக் கூட்டிக்கினு போனீங்க? உண்மைய சொல்லுங்க."

"ஐயோ, இது நாவல்டி! அதோ பாரு, பூவு படிக்கிறான் பாரு!"

"நாவலா? அந்தப் பொண்ணு பேரு நாவலா?"

அவன் மாமனார் வரை விஷயம் போய், நாங்கள் நால்வரும் வரிசையாக நின்று கேமராவில் முகம் காட்டி சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. பகலில் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் சாரத்தின்மேல் நின்றுகொண்டு எங்கள் அறைக்காரர்கள் மட்டும் தும்மினார்கள். ஃபோர்மேன் அதைப் புதுவகை வேலைத்திருட்டு என்று எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கிருந்த துன்பம் வேறு. ஏழாம் அத்தியாயம் எப்படி முடிகிறது என்று சொன்னால்தான் அது விளங்கும். அந்த எஸ்டேட்டில் தெய்வானை என்றொரு பெண். மதுரையில் நர்சுப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. சம்மதமில்லை என்று சொல்லவும் இல்லை. கேட்கும்போதெல்லாம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார். ஒரு விடியற்காலையில் அவள் வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன்பே வெறுங்கையோடு கிளம்பி, பனிக்குள் நடந்து, மலைப்பாதையில் பஸ் நிற்கும் இடத்துக்கு வருகிறாள். பஸ் வருகிறது. படியில் ஒரு காலை வைக்கிறாள். அப்போது பனிக்குள்ளிருந்து, மூச்சிரைக்க, "தெய்வான, நில்லு!" என்று அப்பாவின் குரல். அத்தோடு அத்தியாயம் முடிகிறது.

எட்டாம் அத்தியாயம் சித்திரை மாதத்தில் தொடங்குகிறது. அதை அறை தெரிந்துகொண்டது எப்படியென்றால், முதல் நாளே நான் ஆர்வத்தில் பக்கத்தைப் புரட்டி, தலைப்புக்குக் கீழே ஒரு வரி படித்ததும் பிளாஸ்டிக் வாளி வளைந்துவிட்டது. அதோடு எனக்குத் தடை விதிக்கப்பட்டது. மனசார யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. போன கோடையில் முருகையன் அண்ணன் சாரத்தில் மயங்கி, பெல்ட் இருந்ததால் தொங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். அவருக்காவது பனி வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னால் என்ன பேச முடியும்? அவர் முகத்தைப் பார்த்தபடி நான் தினமும் தெய்வானையைப் படியில் ஒரு காலோடு விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

ஆனால் ஒரே அத்தியாயத்தை எத்தனை முறை ஒருவன் மனம் ஒன்றிப் படிக்க முடியும்? கண் வரிமேல் போகும், மனம் மறுநாள் வருகைக் கணக்கில் இருக்கும். பனி நீர்த்து, கஞ்சித்தண்ணீர் மாதிரி ஆகிவிடும். "லே வாத்தி, ஒழுங்காப் படில. கெழக்குச் சுவருப் பக்கம் பனியே வரல்ல" என்று சூசை மேலிருந்து கத்துவான். அப்புறம் அவனே வழி சொன்னான்: சத்தம் போட்டுப் படி. படித்தேன். நால்வரும் கேட்டார்கள். பனி திரும்பக் கெட்டியானது, முன்பைவிடக் கெட்டியாக.

நான் செய்த பெரிய பிழை அதுதான் என்று பிறகு நினைத்தேன், இல்லை என்றும் நினைத்தேன். அதுவரை அவர்களுக்கு அது வெறும் குளிர். இப்போது அதற்குள் ஒரு பெண் வந்துவிட்டாள்.

"அப்ப ஏறுனாளா இல்லியா?" என்று டில்லிபாபு முதல்நாளே கேட்டுவிட்டான்.

"தெரியாது. அடுத்த அத்தியாயத்துலதான்."

"ஏறியிருப்பா" என்றான் சூசை. "அந்தால நடந்து வந்தவ ஏறாமலா இருப்பா?"

"இறங்கியிருப்பா" என்றார் முருகையன் அண்ணன். "அப்பன் கூப்பிட்டா இறங்காம?"

"அண்ணே, பஸ்ஸு கெளம்பிட்டா?"

"டிரைவர் நிப்பாட்டுவான்டா. அவனும் ஒரு புள்ளயப் பெத்தவனாத்தான இருப்பான்."

"டிரைவர் பெத்தவன்னு கதையில எழுதியிருக்கா? பூவு, எழுதியிருக்கா?"

எழுதவில்லை என்று நேர்மையாகச் சொன்னேன். அன்று தொடங்கிய வழக்கு பின்பு ஓயவே இல்லை. சிக்கந்தர் பாய் வண்டியின் படி எத்தனை உயரம், எந்தக் கால், வலதா இடதா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். பாரம் எந்தக் காலில் இருக்கிறதோ அதை வைத்துச் சொல்லிவிடலாமாம். வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது டில்லிபாபு படியில் ஒரு காலை வைத்து நின்று, "இப்பிடி நின்னா எறங்கறது கஷ்டம் பாய்" என்று செய்து காட்டினான். பின்னால் நின்ற வரிசை முழுக்க அவனைத் திட்டியது. நேபாளிகளுக்கு யாரோ இந்தியில் கதையைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஏறினாள் கட்சி. மெஸ் சமையல்காரர் இறங்கினாள் கட்சி. எங்கள் குழம்பில் மீன் குறைந்ததற்குக் காரணம் அதுதான் என்று சூசை உறுதியாக நம்பினான்.

முருகையன் அண்ணன் ஏன் இறங்கினாள் கட்சியில் நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அறந்தாங்கியில் அவர் மகள் அகிலா டிப்ளமா முடித்து, புனேயில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அவள் அம்மா, "அப்பாகிட்ட கேளு" என்று ஒதுங்கிக்கொண்டாள். அப்பாவோ தினமும் போனில், "சாப்பிட்டியா? பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார். அப்போதெல்லாம் எங்கள் அறையில் தண்ணீர்க் குடங்கள் எப்போதும் நிறைந்தே இருந்தன.

ஒருநாள் அதிகாலையில் என்னால் தாங்கமுடியவில்லை. எல்லோரும் தூங்கும்போது புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டு, எட்டாம் அத்தியாயத்தின் முதல் பத்தியை, ஒரே ஒரு பத்தியை, படித்தேன். அதில் தெய்வானை இல்லை. ஏதோ ஒரு சமவெளி ஊர், கோர்ட்டு வாசல், கிணற்றுக்காக வழக்காடும் அவளுடைய சித்தப்பாக்கள். ஏமாற்றத்தோடு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் தொழுகைக்கு முகம் கை கால் கழுவப் போன சிக்கந்தர் பாய், "யா அல்லாஹ்!" என்று ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு திரும்பி வந்தார். தரை பாறைபோலச் சுட்டது. சோப்பு உருகி ஓடியிருந்தது. பிளாஸ்டிக் மக்கு தலைகுனிந்து நின்றது.

"எவன்டா பாத்ரூம்ல சித்திரை மாசத்தப் படிச்சது?"

ஐந்து பேர் அறையில் படிக்கிறவன் ஒருவன்தான். விசாரணை அப்போதே நடந்தது. நான் மறைக்கவில்லை, மறைக்கத் தெரியாது. ஆனால் நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஏறுனாளா?"

"அவளப் பத்தியே இல்ல. கிணத்துக் கேஸு."

"கேஸா! அங்க ஒரு பொண்ணு தொங்கிக்கினு கீது, இவனுக்கு கேஸு முக்கியமா? எவன்டா எழுதுனது?" டில்லிபாபு புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். அட்டை இல்லாததால் அந்த எழுத்தாளர் தப்பித்தார்.

"அப்பம் எல்லாரும் சேந்து மேல படிச்சிருவோம்" என்றான் சூசை. "சூடு வந்தா வரட்டு."

"வேணாம்" என்றார் முருகையன் அண்ணன். குரல் ஏறவில்லை. எழுந்து வந்து புத்தகத்தை வாங்கித் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "ஏழாவது போதும். சாயங்காலம் கேளு, தாரேன். படிச்சுட்டு திருப்பிக் குடுத்துரணும்."

அவர் உடம்புக்காகத்தான் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் கால் படியில் இருக்கிறவரை அவளும் போகவில்லை, அப்பனும் தடுக்கவில்லை. இரண்டு பேர்மேலும் தப்பில்லை. அதைவிட வசதியான இடம் உலகத்தில் ஏது? ஆனால் இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. வாங்கிப் படித்தேன், திருப்பிக் கொடுத்தேன், வாங்கிப் படித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பனி நடுவே அகிலாவின் போன் வந்தது. ஸ்பீக்கரை அணைக்க அண்ணனுக்கு எப்போதும் மறந்துபோகும்.

"அப்பா, ஞாயித்துக்கெழமதான் கடைசி. என்ன சொல்லட்டும்?"

"சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன். நேத்தும் சாப்ட்டேன், முந்தாநாளும் சாப்ட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்கப்பா. சும்மா இருக்காதீங்க."

"பாத்துக்கலாம்மா" என்று வைத்துவிட்டு அண்ணன் குடத்தை எடுத்தார். குடம் நிறைந்திருந்தது. அடுத்ததும் நிறைந்திருந்தது. குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பனியில் பாதி மறைந்து, அவர் அப்படியே நின்றார்.

மேலிருந்து சூசை, அவன் வாய்க்கு அது மெதுவான குரல்தான், சொன்னான்: "அண்ணே, அந்தப் பிள்ள ஒத்தக் காலத் தூக்கிட்டு ஒண்ணர மாசமா நிக்குது பாத்துக்கிடுங்க. கால் கடுக்காதா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு டில்லிபாபு சிரித்தான். பிறகு, நான் பயந்ததற்கு மாறாக, அண்ணனே சிரித்தார். சிரித்தபடி, குடத்தை வைத்துவிட்டு, தலையணையைத் தூக்கிப் புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"நாளைக்கு லீவுதான? கடைசி வரைக்கும் படி. அந்த அப்பன் என்னதான் பண்ணுனான்னு பாத்துருவோம்."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சிக்கந்தர் பாய் வந்ததும் கதவைச் சாத்தினோம். தண்ணீர்க் குடங்கள், உப்புப் போட்ட மோர், ஈரத்துண்டுகள் எல்லாம் தயாராக இருந்தன. அண்ணனை வாசலுக்கு அருகே உட்கார வைத்து, மயக்கம் வந்தால் வெளியே இழுத்துப்போட இரண்டு நேபாளிகளை நிறுத்தினோம். வெளியே இருந்த வெயில் உள்ளே வரப்போகும் வெயிலைவிடக் குறைவு என்பது எங்கள் கணக்கு. எட்டாம் அத்தியாயத்தைத் தொடங்கினேன். சித்திரை ஒரு ஆளைப்போல உள்ளே வந்து உட்கார்ந்தது. சுவரில் ஒட்டியிருந்த காலண்டர் சுருண்டது. கிணற்று வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. சாட்சிகள் வந்தார்கள், வாய்தா வாங்கினார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அறை முழுவதும் அந்த வக்கீலைத் திட்டியது. முதுகில் வழிந்த வேர்வை தரையில் சேர்ந்து கதவுப்பக்கம் ஓடியது. தெய்வானை வரவில்லை. "நிறுத்தட்டுமா?" என்று கேட்டேன். "படிடா!" என்று நாலு குரல், வாசலில் இருந்து இந்தியில் இன்னும் இரண்டு.

ஒன்பதாம் அத்தியாயம் ஆடி. காற்று கிளம்பி, செம்மண்ணை வாரிவந்து கட்டில், குடம், வாய், எல்லாவற்றிலும் போட்டது. டில்லிபாபுவின் மங்கிக்குல்லாவை ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். அதிலும் அவள் வரவில்லை. பத்தாம் அத்தியாயம் ஐப்பசி என்று பார்த்ததும் சிக்கந்தர் பாய் எழுந்து பிளக்குகளை எல்லாம் பிடுங்கினார். நல்லவேளை. மழை கூரைக்கு உட்பக்கமிருந்து பெய்தது. செருப்புகள் மிதந்து, கதவின் கீழே புகுந்து, வராந்தாவில் வரிசையாகப் போனதைப் பார்த்து வர்கீஸ் சேட்டன் குடையோடு ஓடிவந்தார். "எந்தா இது? இன்னிக்கு வெள்ளப்பொக்கமா?" என்று கத்தினார். சூசை கதவை ஒரு சாண் திறந்து, "சேட்டா, ஒண்ணு உள்ள வாங்க, இல்லாட்டி கதவச் சாத்துங்க. கத நடக்குது" என்றான். சேட்டன் வெளியே வெயிலைப் பார்த்தார், உள்ளே மழையைப் பார்த்தார், உள்ளே வந்து என் கட்டில் முனையில் குடையை விரித்து உட்கார்ந்து, "அவள் ஏறியோ?" என்று கேட்டார்.

பதினொன்றாம் அத்தியாயத்தில் தை பிறந்தது. மழை ஓய்ந்து, கண்ணுக்கு இதமான ஒரு காலை வெயில் ஈரத் தரையில் விழுந்தது. மதுரை ஆஸ்பத்திரி. வார்டில் ஒரு கிழவி வலியில் கத்துகிறாள். "பெரிய நர்ஸைக் கூப்பிடு" என்கிறார்கள். நான் அடுத்த வரியைப் படித்தேன்: தெய்வானை சிஸ்டர், வேலைக்குச் சேர்ந்து பல வருஷமாகியும் தன் விடுதிக் கட்டிலின் கீழ் வைத்திருந்த அப்பாவின் பெயர் எழுதிய இரும்புப் பெட்டியைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள்.

அவ்வளவுதான். அதன்பிறகு கிழவியின் வலி, டாக்டர், மருந்து.

பிறகு அறை வெடித்தது.

"ஏறிட்டா!" என்று சூசை மேல்கட்டிலை உதைத்தான்.

"ஏறுனா சரி, எப்பிடி ஏறுனா? அப்பன் இன்னா சொன்னான்? அடிச்சானா? அழுதானா? ஒண்ணுமே சொல்லாம நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டான் எழுத்தாளன்! இதுக்கா ஒரு நாள் முச்சூடும் வெந்தோம்?" என்றான் டில்லிபாபு.

"மேல இருக்கும், பூவு, தேடு" என்றார் பாய். வேகமாகக் கண்ணை ஓட்டினேன். என் மனம் ஒன்றாததால் அறையின் பருவம் தையும் மாசியுமாக மினுக்கியது. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டேன். அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இல்லை என்று சொன்னேன்.

வாசலருகே இருந்த முருகையன் அண்ணன் எழுந்து வந்தார். "அந்த வரிய இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.

"பெட்டி யாரு பேரு?"

"அப்பா பேரு."

"வீட்ட விட்டு வரும்போது அவ கையில என்ன இருந்துச்சு?"

எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். "வெறுங்கை" என்று நான்கு பேரும், கதவிடுக்கில் நின்ற ஒரு நேபாளியும் சொன்னோம்.

"அப்ப பெட்டி எப்படி மதுரைக்கு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லும்முன் அவரே சொன்னார். எழுதியதைப் படிப்பதுபோல அல்ல, பார்த்ததைச் சொல்வதுபோல. "அந்தாளு நிப்பாட்ட ஓடி வரலடா. தலையில பெட்டியத் தூக்கிட்டு ஓடி வந்துருக்கான். இரும்புப் பெட்டி, அதான் அந்த எரைப்பு எரைச்சுருக்கு. பனியில நமக்குக் கொரல்தான் கேட்டுச்சு, தலையில என்ன இருந்துச்சுன்னு தெரியல. ராத்திரியே கட்டி வச்சிருந்துருப்பான். குடுக்குறதுக்குள்ள புள்ள கெளம்பிருச்சு."

"கண்டக்டர் யாராவது பின்னாடி கொண்டுவந்து..." என்று தொடங்கினான் டில்லிபாபு.

"கண்டக்டர் எந்தக் காலத்துலடா பெட்டி தூக்கியிருக்கான்?"

அதற்குமேல் அப்பீல் இல்லை. அண்ணன் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வழக்கம்போல ஸ்பீக்கரை அணைக்கவில்லை. நாங்கள் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. வர்கீஸ் சேட்டன் குடையை மடக்கினார்.

"அப்பா?" என்றாள் அகிலா.

அண்ணனுக்கு, சாப்பிட்டியா என்றுதான் வாயில் வந்திருக்கும், விழுங்கிக்கொண்டார்.

"சக்கரம் வச்ச பெட்டியா வாங்கிக்க, தாயி" என்றார். "தூக்கிவிட நான் அங்க இல்லல்ல."

அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்தியது, யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். புத்தகம் என் மடியில் மூடிக் கிடந்தது. அறையில் அப்போது என்ன பருவம் என்று யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிப்பா" என்றாள். "என்ன கலர்ல வாங்கட்டும்?"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஆறு கலரைச் சொன்னோம்.